பூச்சி நிற்கும் இடம்

அக்கா: ...சுத்தி வளைக்காம சொல்லு. இதை யார்கிட்ட குடுத்துப் பண்ண வெச்ச?

தம்பி: எதை?

அக்கா: பேய்ப் படத்தை. இது உன் கை வேலை மாதிரியே இல்ல.

தம்பி: வந்ததும் வராததுமா கதவைச் சாத்தற, உக்காருங்கற, கேள்வி கேக்கற... நான் இன்னும் டீ கூட குடிக்கல.

அக்கா: டீ எங்கயும் ஓடிப் போயிடாது. சொல்லு.

தம்பி: நானேதான் பண்ணேன். முதல் ரீல்லேருந்து கடைசி ரீல் வரைக்கும். ஏன், என்ன கொறையாம்?

அக்கா: நாலு மணிக்கு ஜப்பான்லேருந்து வந்திருக்கறவர் உக்காந்து பாக்கப் போறார்.

தம்பி: தெரியும்.

அக்கா: அவர் சரின்னாத்தான் மிச்சப் பழைய படமெல்லாம் நம்மகிட்ட வரும். வேணாம்னுட்டா முதலாளி முதல்ல உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்.

தம்பி: தெரியும்க்கா. காலையிலேருந்து ஆளாளுக்கு இதையே ஓதறீங்க.

அக்கா: நான் படத்துல கீறல் எடுக்கறேன், நீ சத்தத்துல கீறல் எடுக்கற. ஒரே படத்தை ஆளுக்கொரு பக்கம் துடைக்கறோம். உன் பக்கம் துடைச்சிருக்கற லட்சணம் எனக்குத் தெரியாமப் போயிடுமா?

தம்பி: அப்ப என்ன லட்சணம்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்கு போலீஸ் மாதிரி...

அக்கா: போன மாசம் பூதப் படம் பண்ணியே. நம்ம பெரியப்பா படம்.

தம்பி: அதுல என்ன? அதைத்தான் எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்களே.

அக்கா: அதான் சொல்ல வரேன். அதுல அந்தப் பூதம், நம்ம பெரியப்பா, துறைமுகத்துலேருந்து மேல ஏறி வரும்போது, ஒவ்வொரு அடிக்கும் என் நாற்காலி ஆடிச்சு. ரப்பர் தோலுக்குள்ள ஒரு மனுஷன் வேர்த்து விறுவிறுத்து நடக்கறான்னு தெரியும். முதுகுல தையல் போட்ட இடம் கூட எனக்குத் தெரியும், நான்தானே ஒவ்வொரு பிரேமா உக்காந்து துடைச்சேன். அப்படியிருந்தும் நீ சத்தம் போட்டுக் காட்டினதும் நான் நாற்காலியைப் பின்னால தள்ளிட்டேன்.

தம்பி: நாம அதுக்குப் பெரியப்பான்னு பேர் வெச்சது நெனப்பிருக்கா? நம்ம பெரியப்பா பந்திக்கு எழுந்து போற மாதிரியே நடக்கும். வயிறு முன்னால, ஆள் பின்னால.

அக்கா: பேச்சை மாத்தாத.

தம்பி: நீதானே ஆரம்பிச்ச.

அக்கா: பெரியப்பாவுக்கு உயிரைக் குடுத்தவன், இந்தப் பேய்ப் படத்தை ஏன் இப்படித் துடைச்சுப் போட்டுட்ட?

தம்பி: எனக்குப் பேய்ப் படம் பிடிக்கல. போதுமா?

அக்கா: ...பிடிக்கலையா?

தம்பி: பிடிக்கல. மனுஷன் உக்காந்து உழைச்சு ஒரு ஊரையே அட்டையில கட்டியிருக்கான், சின்னச் சின்ன மின்கம்பம், அதுக்குக் கம்பி, கடை வாசல்ல பலகை. அதை ஒருத்தன் மிதிச்சுக்கிட்டே போறான். பாத்தா மனசு நெறையுது. அது படம். இதுல என்ன இருக்கு? ஒரு பொம்பள உக்காந்து துணி தைக்கிறா. இன்னொரு பொம்பள உக்காந்து துணி மடிக்கிறா. ஒருத்தி உயிரோட இருக்கா, ஒருத்தி இல்ல. அவ்வளவுதான்.

அக்கா: அப்பா பேசற மாதிரியே பேசற.

தம்பி: ...இதுல அப்பா எங்க வந்தார்?

அக்கா: சும்மா சொன்னேன். அந்த டீயைக் குடி.

தம்பி: நீ ஏன் அப்பப்ப அந்த அலமாரியையே பாக்கற?

அக்கா: எந்த அலமாரி?

தம்பி: என் பின்னால இருக்கறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரை எதுக்குத் தூக்கி அங்க வெச்ச? மேசை மேலதானே இருந்துச்சு.

அக்கா: இடைஞ்சலா இருந்துச்சு.

தம்பி: அதுல விளக்கு எரியுது.

அக்கா: எரிஞ்சா எரியட்டும். நீ இந்தப் பக்கம் திரும்பு. பல் டாக்டர்கிட்டப் போனியே, சரியாயிடுச்சா?

தம்பி: ம். அடைச்சு விட்டார்.

அக்கா: எந்தப் பல்லு?

தம்பி: அட, கடவாய்ப் பல்லு. வாயைத் தெறந்து காட்டட்டுமா?

அக்கா: உன் மாமா ஸ்கூல் வேன்ல பசங்களை எறக்கி விட்டுட்டு வரும்போது உன்னைப் பாத்தாராம். தபால் ஆபீசுக்கு எதிர்ல இருக்கே பழைய கட்டடம், அதுக்குள்ள நுழைஞ்சியாம். பேர் சொல்லிக் கூப்பிட்டாராம், நீ திரும்பிக்கூடப் பாக்கலையாம். வீட்டுக்கு வந்து ஒரே புலம்பல். மச்சானுக்கு என் மேல என்ன கோவம்னு சோறு எறங்கல மனுஷனுக்கு.

தம்பி: தெருவுல அவ்வளவு இரைச்சல்க்கா. எனக்கு என்ன கோவம் அவர் மேல?

அக்கா: அந்தக் கட்டடத்துல பல் டாக்டர் கிடையாது. கீழ செருப்புக் கடை. முதல் மாடியில இன்னொரு சவுண்ட் ஸ்டுடியோ. நம்மகிட்ட வர வேண்டிய வேலையெல்லாம் அவங்கதான் கொத்திக்கிட்டுப் போறாங்க. அங்க சேரப் போறியா?

தம்பி: ஓ... இதுதான் விஷயமா.

அக்கா: சேரப் போறதுனாலதான் இதை ஏனோதானோன்னு முடிச்சியா? இல்ல, அங்க யார்கிட்டயாவது குடுத்து முடிச்சு வாங்கினியா? எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் திட்ட மாட்டேன்.

தம்பி: உன்னை விட்டுட்டு நான் எங்கக்கா போவேன்? இந்த ரூம்ல ரெண்டு மேசை, ஒரு கெட்டில். இதை விட்டா எனக்கு என்ன இருக்கு? உனக்கே தெரியும்.

அக்கா: தெரியும். அதான் கேக்கறேன். அப்புறம் எதுக்கு அங்க போன? லிப்ட் வேற ஓடாது, மூச்சு வாங்க ஏறியிருப்ப.

தம்பி: ...லிப்ட் ஓடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: உன் மாமா சொன்னார்.

தம்பி: மாமா வேனுக்குள்ளதானே இருந்தார்.

அக்கா: அவருக்கு ஊர்ல இருக்கற லிப்ட் எல்லாம் தெரியும். அதை விடு.

தம்பி: நீ அதை விடு, நான் இதை விடறேன். இப்பக்கூட கீழ அவர் வேன் நிக்குது. இந்த நேரத்துல அவருக்கு இங்க என்ன வேலை? ரெண்டு பேரும் சேர்ந்து என்னமோ பண்றீங்க.

அக்கா: ஸ்கூல் விட இன்னும் நேரம் இருக்கு. நிழல் இருக்குன்னு நிறுத்தியிருப்பார். இரு... யாரோ வராங்க.

முதலாளி: என்னம்மா, அக்காவும் தம்பியும் கதவைச் சாத்திட்டு ரகசியம் பேசறீங்களா? எல்லாம் தயார்தானே?

அக்கா: தயார்தாங்க. கடைசியா ஒரு தடவை சரி பாத்துட்டு இருக்கோம்.

முதலாளி: பாருங்க பாருங்க. அந்த மனுஷன் ரொம்ப நுணுக்கமானவர். பூதப் படம் பாத்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? வாலைத் தூக்கற கம்பியை நீங்க அழிக்காம விட்டீங்களேன்னு எழுந்து நின்னு நன்றி சொன்னார். நான் என்னடான்னா, இந்தம்மா கம்பியைத் துடைக்க மறந்துடுச்சுன்னு பயந்துட்டு இருந்தேன்.

அக்கா: கம்பியும் படந்தாங்க. யாரோ மேல உக்காந்து அதைப் பிடிச்சு இழுத்திருக்காங்க இல்ல?

முதலாளி: என்னமோ போங்க, அவருக்குப் பிடிச்சா எனக்கும் பிடிச்ச மாதிரி. ஆமா... இதென்ன சத்தம்? காதுக்குள்ள ஊசி விடற மாதிரி?

தம்பி: ஏசிங்க. நேத்துலேருந்தே இப்படித்தான். ஆள் வரச் சொல்லியிருக்கேன்.

முதலாளி: ஏசியா? அது நின்னுட்டுல்ல இருக்கு. ஜன்னலைத் தெறந்து வெச்சிருக்கீங்க.

தம்பி: ...பக்கத்து ரூம் ஏசி. சுவர் வழியா வருது.

முதலாளி: இதைக் கேட்டுக்கிட்டு ரெண்டு பேரும் எப்படித்தான் உக்காந்திருக்கீங்களோ. எனக்குப் பல்லெல்லாம் கூசுது.

அக்கா: பழகிப் போச்சுங்க.

முதலாளி: சரி சரி. நாலு மணிக்கு ஹால்ல இருங்க. தம்பி, உன்னை நம்பித்தான் இருக்கேன்.

தம்பி: சரிங்க.

அக்கா: ...கதவை நல்லாச் சாத்து.

தம்பி: சாத்திட்டேன்.

அக்கா: பக்கத்து ரூம் ஏசியா?

தம்பி: ஆமா. ஏன், உனக்குக் கேக்கலையா?

அக்கா: நான் உன்னைக் கேக்கறேன்.

தம்பி: கேக்குதே. நல்லாவே கேக்குது. உர்ர்ருன்னு.

அக்கா: உர்ர்ருன்னா?

தம்பி: ம். அடி வயித்துலேருந்து வர்ற மாதிரி.

அக்கா: முதலாளி ஊசி மாதிரி இருக்குன்னார்.

தம்பி: அவருக்கு வயசாயிடுச்சு, எது கேட்டாலும் ஊசிதான். இதெல்லாம் எதுக்கு இப்ப? படத்துல என்ன கொறை, அதைச் சொல்லு முதல்ல.

அக்கா: சொல்றேன். அந்தச் சின்ன சம்சாரம் துணி தைச்சுட்டு இருக்கா இல்ல, அந்த சீன். புருஷன் வெளியூர் போயிட்டான். மூத்த சம்சாரம் செத்து வருஷம் திரும்பல. வெளிய பின்னால தெரியற வானம் பூரா பெயின்ட்ல வரைஞ்சது. மாம்பழ நிறம். வரைஞ்சதுன்னு மறைக்கவே இல்ல அவங்க. வானத்துல கண்ணு வரைஞ்ச மாதிரி, நம்மையே பாக்குது அது.

தம்பி: சரி.

அக்கா: அவ தலைக்கு மேல என்ன தொங்குது?

தம்பி: விளக்கு.

அக்கா: விளக்குக்குப் பக்கத்துல?

தம்பி: ...சின்னதா ஒரு கூண்டு.

அக்கா: மூங்கில் கூண்டு. அதுக்குள்ள என்ன?

தம்பி: பூச்சி. பாடறதுக்காகப் பூச்சி வளர்ப்பாங்களாம். என்னக்கா பள்ளிக்கூடப் பாடம் மாதிரி...

அக்கா: பதில் சொல்லு. அந்தப் பூச்சி எங்க?

தம்பி: கூண்டுக்குள்ள.

அக்கா: அதோட சத்தம் எங்கடா?

தம்பி: அதுவா... அது ரீல்லயே இல்லக்கா. எத்தனை வருஷத்துப் பழைய பிரிண்ட் அது. ஓடி ஓடித் தேஞ்சு போச்சு. இல்லாததை நான் எங்கேருந்து கொண்டு வர முடியும்? அதுவுமில்லாம அமைதியா இருக்கறதுதான் அந்தக் காலத்து ஜப்பான் பேய்ப் படத்துக்கே அழகு. நம்ம வீட்டுக் கதவு மாதிரி கிறீச்னு சத்தம் போட்டுட்டா பேய் வரும்? சத்தமே இல்லாம வந்து உக்காரும்.

அக்கா: அமைதி அழகுதான். எது அமைதி? ஒண்ணு இருந்து நின்னாத்தானே அது அமைதி. ஆரம்பத்துலேருந்தே ஒண்ணும் இல்லன்னா அது வெறும் மொட்டைச் சுவரு.

தம்பி: தத்துவம் பேசற.

அக்கா: நான் பேசல. இதைச் சொன்னதே நீதான்.

தம்பி: நானா?

அக்கா: மறந்துட்டியா? அப்பா வாடகைக்கு டேப் எடுத்துட்டு வருவார். பெரியப்பா படமா இருந்தா கட்டில்ல சம்மணம் போட்டு உக்காந்து குழந்தை மாதிரி பாப்பார். பேய்ப் படம் போட்டா பத்து நிமிஷம் ஓடறதுக்குள்ள குறட்டை. நாம ரெண்டு பேரும் போர்வைக்குள்ள. நீ என் கையைப் பிடிச்சு அமுக்கி, "அக்கா, இப்ப பூச்சி நிக்கும் பாரு, நின்னதும் திரும்பாத"ன்னு சொன்ன. நின்னுச்சு. அந்தச் சின்ன சம்சாரம் ஊசியை அப்படியே பிடிச்சுட்டு தலையைத் தூக்கினா. காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நிழல் உக்காந்து, நிதானமா துணி மடிக்குது. ஒரு கத்தல் இல்ல, ஒரு ரத்தம் இல்ல. நான் பயத்துல அன்னிக்கு உன் கையைக் கடிச்சு வெச்சேன்.

தம்பி: ...தழும்பு இன்னும் இருக்கு.

அக்கா: பேய்ப் படம் பிடிக்கலையாம். இந்தப் படம் நம்மகிட்ட வருதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு நீ மாடிப்படியில ஆடினதை நான் பாத்தேன்டா.

தம்பி: பிடிக்கும்க்கா. ரொம்பப் பிடிக்கும். ஆனா ரீல்ல இல்ல. சத்தியமா நான் தேடினேன். ராத்திரி பகலா ஹெட்போனை மாட்டிட்டு உக்காந்து தேடினேன். இல்ல.

அக்கா: இருக்கு.

தம்பி: யார் சொன்னது?

அக்கா: உன் மாமா.

தம்பி: மாமாவா? பேய்ப் படம்னா சமையல்கட்டுக்குள்ள போய் நிக்கறவரா?

அக்கா: அவரேதான். மதியச் சாப்பாடு கொண்டு வந்தார். நீ பல் டாக்டர்கிட்டப் போயிருந்த. பழைய ரீலைப் போட்டு, ஹெட்போனை அவர் காதுல மாட்டி, படத்தைப் பாக்காதீங்க, சுவத்தைப் பாத்துட்டு காதுல விழறதை மட்டும் சொல்லுங்கன்னேன். இரைச்சலா இருக்கு, மழை மாதிரி இருக்குன்னார். அப்புறம், "ஏம்மா, இதுக்குள்ள ஒரு பூச்சி மணி ஆட்டற மாதிரி கத்துதே"ன்னார். நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு மனுஷன் முகம் மாறிப் போச்சு. ஹெட்போனைக் கழட்டி மேசையில வெச்சுட்டு, "அது நின்னுடுச்சு, எனக்கு ஒரு மாதிரி இருக்கு, நான் வேனுக்குப் போறேன்"னு எறங்கிப் போயிட்டார். சாப்பாட்டுப் பையைக் கூட எடுக்கல. படத்தையே பாக்காத ஆளைப் பயமுறுத்தியிருக்கு அந்தப் பூச்சி. அவ்வளவு நல்ல படம் அது.

தம்பி: நான் துடைச்சதையும் அவருக்குப் போட்டுக் காட்டினியா?

அக்கா: காட்டினேன். மறுநாள் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து. அதுல பூச்சியே இல்லன்னார். இதுல ஒரு பயமும் இல்ல, தூக்கம் வருதுன்னார்.

தம்பி: தூக்கம் வருதுன்னாரா.

அக்கா: எப்படிடா போச்சு அது?

தம்பி: ...முகத்தைப் பாத்துக் கேளு. அலமாரியைப் பாத்துக் கேக்காத.

அக்கா: உன்னைத்தான் பாக்கறேன். எப்படிப் போச்சு?

தம்பி: திரையில சத்தம் கோடு கோடா தெரியும் இல்லையா. கீழ இருக்கறது கனமான சத்தம். மேல மேல போனா சன்னமான சத்தம். பெரியப்பா காலடியெல்லாம் அடியில மலை மாதிரி எழும்பும். இந்தப் படத்துல மேல, ரொம்ப மேல, ஒரு கோடு நடுங்கிட்டே இருந்துச்சு.

அக்கா: ம்.

தம்பி: காதை வெச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. வெறும் கோடு. மெஷின் கோளாறுல வர்ற கறைன்னு நெனச்சேன். அழுத்தித் துடைச்சேன்... சுத்தமா போச்சு. அழகாத் துடைச்சோம்னு சந்தோஷப்பட்டேன்க்கா அன்னிக்கு. வீட்டுக்குப் போற வழியில சீட்டி அடிச்சுட்டே போனேன்.

அக்கா: அந்தக் கோடு ஒரு இடத்துல நின்னுச்சா?

தம்பி: நின்னுச்சு.

அக்கா: எந்த இடத்துல?

தம்பி: ...அவ தலையைத் தூக்கற இடத்துல.

அக்கா: அப்பக்கூட உனக்குச் சந்தேகம் வரலையா?

தம்பி: வந்துச்சு. அப்புறமா வந்துச்சு. அதுலேருந்து ராத்திரி தூக்கமே இல்ல. ஆனா கறையில்ல பூச்சிதான்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் அடுத்த கேள்வி ஒண்ணு வருமே. அதுக்கு பயந்துட்டு இருந்தேன்.

அக்கா: எந்தக் கேள்வி?

தம்பி: நீதான் கேட்டுட்டு இருக்கியே, உள்ள வந்ததிலேருந்து. வேற ஸ்டுடியோ, வேற ஆள், கடவாய்ப் பல்லுன்னு சுத்திச் சுத்தி. நேரா கேளேன்.

அக்கா: நீயே சொல்லு.

தம்பி: அந்தக் கட்டடத்துல மூணாவது மாடியில காது டாக்டர்.

அக்கா: ...

தம்பி: ஆச்சரியப்பட மாட்டியா?

அக்கா: மாட்டேன். உனக்கு ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத.

தம்பி: சொல்லு.

அக்கா: அந்தப் பூச்சிய மட்டும் பழைய ரீல்லேருந்து பிரிச்சு எடுத்து, உன் பின்னால இருக்கற ஸ்பீக்கர்ல ஓட விட்டிருக்கேன். நீ உள்ள வந்து உக்காந்ததிலேருந்து ஓடிட்டே இருக்கு.

தம்பி: ...இப்பவுமா?

அக்கா: இப்பவும்.

தம்பி: அப்ப முதலாளி சொன்னது...

அக்கா: அதான்.

தம்பி: நான் ஏசின்னு சொன்னேன். உர்ர்ருன்னு சத்தம் வேற போட்டுக் காட்டினேன்.

அக்கா: காட்டின.

தம்பி: அப்பாவுக்குப் பண்ணினதையே எனக்கும் பண்ணிட்ட இல்ல?

அக்கா: ...அப்படிச் சொல்லாத.

தம்பி: அப்பா டிவி பாத்துட்டு இருக்கும்போது நாம பின்னாலேருந்து சத்தத்தை அடியோட கொறைச்சுடுவோம். அவர் பாட்டுக்குத் தலையாட்டிட்டே பாப்பார். என்னப்பா சொல்றாங்கன்னா, "நல்லாத்தான் சொல்றான்"ம்பார். நாம விழுந்து விழுந்து சிரிப்போம். கடைசி வரைக்கும் ஒத்துக்கவே இல்லையே மனுஷன்.

அக்கா: அவருக்குப் பெரியப்பா படம் ஏன் அவ்வளவு பிடிச்சுதுன்னு எனக்கு இந்த வாரந்தான் புரிஞ்சுது. அந்தக் காலடிச் சத்தம் கட்டில் வழியா அவர் உடம்புக்கு வந்திருக்கு. பேய்ப் படத்துல அவருக்கு வெறும் பொம்பளைங்க துணி மடிச்சுட்டு இருந்திருக்காங்க. தூங்காம என்ன பண்ணுவார்?

தம்பி: நானும் அதைத்தானே இப்ப உன்கிட்ட சொன்னேன். ஒருத்தி தைக்கிறா, ஒருத்தி மடிக்கிறான்னு. அப்பா பேசற மாதிரி இருக்குன்ன.

அக்கா: டாக்டர் என்ன சொன்னார்?

தம்பி: குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னார். சன்னமான சத்தம் முதல்ல போகுமாம், மெதுவா மத்ததும் தேயுமாம். கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குன்னாங்க. நான் ரொம்ப நேரம் அமுக்கவே இல்ல. அந்தப் பொண்ணு வெளியேருந்து என்னைப் பாத்த பார்வை இருக்கே... அதுலயே தெரிஞ்சுடுச்சு எனக்கு.

அக்கா: என்கிட்ட ஏன்டா சொல்லல?

தம்பி: சத்தத்தைத் துடைக்கறவனுக்குக் காது போச்சுன்னா யாருக்கா வேலை குடுப்பா? முதலாளி உன்னை நம்பித்தான் இருக்கேன்னு சொல்லிட்டுப் போறார். எனக்கு வேற எந்த வேலையும் தெரியாது. நாலு மணிக்கு அந்த ஆள் உக்காருவார், பூச்சி எங்கன்னு கேப்பார், அதோட நான் முடிஞ்சேன். எனக்குப் பயமா இருக்குக்கா. நிஜமாவே பயமா இருக்கு.

அக்கா: இங்க பாரு. பழைய ரீல் பத்திரமா இருக்கு. நீ துடைச்சது நகலை. பூச்சிய நான் தனியாப் பிரிச்சும் வெச்சிருக்கேன். அந்த சீன்ல திரும்ப உக்கார வைக்கறது உனக்கு எவ்வளவு நேர வேலை?

தம்பி: நேரம் ஆகாது. ஆனா எவ்வளவு சத்தமா வைக்கறது? சிறுசா வெச்சா தெரியாது, பெருசா வெச்சா அசிங்கமா இருக்கும். அதுக்குக் காது வேணுமே.

அக்கா: காது கீழ வேன்ல உக்காந்திருக்கு.

தம்பி: ...மாமாவா?

அக்கா: சொல்லி வெச்சிருக்கேன். கூப்பிட்டா மேல வருவார். படத்தைப் பாக்க மாட்டேன், சுவத்தைப் பாத்துதான் உக்காருவேன்னு கண்டிஷன் போட்டிருக்கார். நீ கொஞ்சம் கொஞ்சமா ஏத்து. அவருக்கு எப்ப எழுந்து ஓடணும்னு தோணுதோ அதுதான் சரியான அளவு.

தம்பி: ஐயோ பாவம் மாமா.

அக்கா: பாவந்தான். மச்சானுக்காகப் பேயோட உக்காரறேன்னார். நேத்தே சரின்னுட்டார்.

தம்பி: அப்ப நேத்தே உனக்கு எல்லாம் தெரியும். இருந்தும் நான் வாயைத் தெறக்கணும்னு இவ்வளவு நேரம் என்னை வறுத்தெடுத்த.

அக்கா: நீ சொல்லணும்னுதான் இருந்தேன். நான் சொல்லி நீ கேக்கறது வேற.

தம்பி: சரி, அப்புறம்? இன்னிக்கு மாமா. மிச்சப் படமெல்லாம் வந்தா?

அக்கா: அப்புறம் முதலாளிகிட்ட நாமளே போய்ச் சொல்லலாம். அப்பா மாதிரி தலையாட்டிட்டு உக்காந்திருக்க வேணாம். உன் கை போகல இல்ல? பெரியப்பாவை அந்த மாதிரி நடக்க வைக்க இந்த ஊர்ல வேற யாருக்குத் தெரியும்? மேல இருக்கற சத்தத்துக்கு ஒரு காதைப் பக்கத்துல வெச்சுக்க.

தம்பி: அவர் ஒத்துக்குவாரா?

அக்கா: தெரியல. கேட்டுப் பாப்போம். சேர்ந்தே போய்க் கேப்போம்.

தம்பி: நீ எதுக்கு சேர்ந்து வரணும்? உனக்கென்ன? படத்தைத் துடைக்கறதுக்குக் கண்ணு போதும்.

அக்கா: ...மாமாவைக் கூப்பிடட்டுமா? நேரம் போகுது.

தம்பி: இரு. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. அந்தப் பூச்சி... இப்ப ஓடுது இல்ல?

அக்கா: ஓடுது.

தம்பி: எப்படி இருக்குன்னு சொல்லேன். போர்வைக்குள்ள கேட்டோமே, அதே மாதிரி இருக்கா? மாமா மணி ஆட்டற மாதிரின்னார். எனக்கு கிண்கிண்ணு கேட்ட ஞாபகம். எனக்கு இனிமே கேக்காது. நீ கேட்டு சொல்லு, அது போதும்.

அக்கா: ...நல்லா இருக்கு.

தம்பி: நல்லா இருக்குன்னா?

அக்கா: நல்லாத்தான் இருக்கு.

தம்பி: அக்கா.

அக்கா: ம்.

தம்பி: அது ரீல்ல இருக்கான்னு பாக்க நீயே ஹெட்போனை மாட்டிக் கேட்டிருக்கலாமே. பேய்க்குப் பயந்த மனுஷனை எதுக்குக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து கேக்க வெச்ச?

அக்கா: ...

தம்பி: அந்தக் காது டாக்டர் கட்டடத்துல லிப்ட் ஓடாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? பூச்சி ஓடுதான்னு கேட்டா என்னைப் பாக்காம, ஸ்பீக்கர்ல எரியற அந்தப் பச்சை விளக்கைப் பாத்துப் பாத்து ஏன் பதில் சொல்ற?

அக்கா: அது அணைஞ்சாத்தான்டா பூச்சி நின்னுடுச்சுன்னு எனக்குத் தெரியும்.